துளசி இமிடேஷன் ஆன கதை

எங்கள் ஊரில் எதையும் சோதித்துப் பார்க்காமல் நம்ப மாட்டார்கள். கல்யாணப் புடவையைக் கையில் எடுத்தால் முதல் வேலையாக முந்தானையைப் புரட்டி, சரிகையை நகத்தால் சுரண்டி, உள்ளே சிவப்பு நூல் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். தெரிந்தால் அசல். வெள்ளையாகத் தெரிந்தால் இமிடேஷன். கடைக்காரரைப் பார்க்கிற பார்வையே மாறிவிடும். காஞ்சிபுரத்தில் பிறந்தவர்களுக்கு இதில் ஒரு குற்றமும் தோன்றாது. ஒரு மனுஷியையும் அதேபோல் சுரண்டிப் பார்க்கும்வரை எனக்கும் தோன்றவில்லை.

என் பெயர் வீரபத்திரன். ரயில்வே ஸ்டேஷன் போகிற வழியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆசைப்பட்டு வைத்ததல்ல. மச்சான் மிஷினை வாங்கிப் போட்டுவிட்டு துபாய்க்குப் போய்விட்டான். சும்மா கிடக்கிறதே என்று போய் உட்கார்ந்தேன், இன்னும் எழுந்திருக்கவில்லை. ஆகவே பிடித்த வேலை, பிடிக்காத வேலை பற்றியெல்லாம் எனக்கு எந்த உறுதியான கொள்கையும் கிடையாது. நான் சொல்வதை நடுநிலையாக எடுத்துக்கொள்ளலாம்.

துளசி தென்னேரிப் பெண். அவளுடைய அப்பா முருகேசனுக்கு விவசாயம், மிச்ச நேரத்துக்குக் கொஞ்சம் கட்சி. மகளை எஞ்சினியரிங் படிக்கவைத்து, சென்னையில் கண்ணாடிக் கட்டடம் ஒன்றில் வேலைக்கும் சேர்த்துவிட்டார். அங்கே அவள் இருந்த குழுவின் வேலை, ஏதோ ஒரு வெளிநாட்டு வங்கியின் செயலியில் இருந்த நீலப் பொத்தானை அதைவிடக் கொஞ்சம் குறைந்த நீலத்துக்கு மாற்றுவது. மாற்றி முடித்த பிறகு பழைய நீலமே நன்றாக இருந்தது என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். அந்த மாதமும் சம்பளம் குறையாமல் வந்தது என்றுதான் துளசி சொல்வாள். சொல்லும்போது அவளுக்கு அழுகை வரும்.

பொங்கல் லீவில் ஊருக்கு வந்திருந்தபோது அப்பாவின் கிணற்று மோட்டார் கருகிப்போனது. மோட்டாருக்குள் இருக்கிற கம்பிச் சுருளை, அதாவது காயிலை, புதிதாகக் கட்டுகிற கடைக்கு அப்பாவோடு அவளும் போனாள். கருகிய செம்புக் கம்பியை உளியால் வெட்டி எடுத்து, புதுக் கம்பியைச் சுற்று எண்ணிச் சுற்றி, பேப்பர் வைத்து, வார்னிஷ் ஊற்றி, காயவைத்து, கரண்ட் கொடுத்ததும் மோட்டார் ஊம் என்று எழுந்திருப்பதைப் பார்த்தாள். அந்தச் சத்தத்தைக் கேட்ட நிமிஷமே மனசு அங்கே போய்விட்டது. கம்பெனிக்கு ராஜினாமா அனுப்பிவிட்டு, அந்தக் கடையிலேயே தொழிலைக் கற்றுக்கொள்ள உட்கார்ந்தாள். வீட்டில் பூகம்பம் நடந்தது. அதை நான் விவரிக்கப் போவதில்லை.

அந்தச் சமயத்தில்தான் 'மனம்போல் வேலை' என்ற திட்டம் வந்தது. சம்பளத்தை விட்டுவிட்டு மனத்திருப்திக்காகத் தொழில் செய்கிறவர்களுக்கு வாடகையில்லாமல் கடை அறை தருவார்களாம். முதலில் தற்காலிகமாக. திருப்தி அசல்தான் என்று பணித்திருப்தி ஆய்வு வாரியம் சான்று கொடுத்த பிறகு நிரந்தரமாக. என் கடைக்குப் பக்கத்து அறை துளசிக்குக் கிடைத்தது. முருகேசன் எல்லோர் முன்னாலும் ஒரு முடிவு சொன்னார்: தீபாவளிக்குள் அறை நிரந்தரமானால் அவள் இஷ்டம். இல்லையென்றால் பேசாமல் கம்பெனிக்குத் திரும்பிவிட வேண்டும். துளசி சரி என்றாள். தனக்குத் திருப்தி இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும். அதை வாரியத்துக்குத் தெரியவைப்பது ஒரு பெரிய விஷயமா என்று நினைத்தாள்.

வாரியத்தின் பூர்வீகத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். முன்பு அது சரிகையைச் சோதித்து முத்திரை குத்துகிற அலுவலகமாக இருந்தது. பிறகு ஒரு மிஷின் வந்தது. புடவையை அதன் கீழே வைத்தால் தேநீர் ஆறுவதற்குள் தங்கம் எவ்வளவு, வெள்ளி எவ்வளவு என்று சொல்லிவிடும். அலுவலகத்தில் இருந்தவர்கள் செய்வதற்கு ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். முன்பும் அப்படித்தான் என்றாலும் இப்போது அது வெளியே தெரிந்தது. அசலா போலியா என்று பார்க்கத் தெரிந்தவர்கள் எதை வேண்டுமானாலும் பார்க்கலாமே என்று மேலே யாருக்கோ தோன்றியது. போர்டில் 'சரிகை' என்ற எழுத்தின் மேல் 'திருப்தி' என்று பெயின்ட் அடித்தார்கள். தராசு, உரைகல், ரப்பர் ஸ்டாம்பு, விதிமுறை எல்லாம் பழையவையே.

தலைமை அலுவலர் ராமராஜன். விண்ணப்பித்தவர்களை எல்லாம் கூட்டி முதல் நாளே உரையாற்றினார். நகல் எடுத்துக் கொடுக்கப் போயிருந்த நானும் கேட்டேன்.

"நான் இந்த நாற்காலியில உக்காந்து முப்பது வருஷம் ஆவுது. ஒரு நாள்கூட இந்த வேல எனக்குப் புடிச்சதில்ல. புடிச்சிருந்தா சரிகையப் பாத்து மயங்கியிருப்பேன், தப்பா சீல் குத்தியிருப்பேன். திருப்தியும் அப்படித்தான். அத சோதிக்கிறவனுக்கு அது இருக்கக் கூடாது. இந்த ஆபீஸ்ல எவனாவது வேலைய அனுபவிச்சு செய்றான்னு தெரிஞ்சா அன்னிக்கே சீட்டு கிழிஞ்சிடும். இதுவரைக்கும் அப்படி ஒரு புகார் வந்ததில்ல."

பின்னால் நின்ற ஊழியர்கள் பெருமையோடு தலையாட்டினார்கள்.

முதலில் சுரண்டல் சோதனை. சரிகையைச் சுரண்டினால் உள்நூல் தெரிகிற மாதிரி, மனுஷனைச் சுரண்டினால் உள்ளே இருப்பது தெரிந்துவிடும் என்பது வாரியத்தின் தத்துவம். இதற்காகப் புவனேஸ்வரி என்ற உதவியாளர் தினமும் ஒரு ஸ்டூலை எடுத்துக்கொண்டு துளசியின் கடையில் வந்து உட்கார்ந்தார். துளசி கைப்பிடியைச் சுழற்றிச் சுற்று எண்ணிக்கொண்டிருப்பாள். அம்பதைத் தாண்டும்போது புவனேஸ்வரி, உன்னோடு படித்த பெண் சோழிங்கநல்லூரில் ஃபிளாட் வாங்கிவிட்டாளாமே என்பார். எண்ணிக்கை போய்விடும். துளசி கம்பியைப் பிரித்து முதலிலிருந்து ஆரம்பிப்பாள். மறுபடி அம்பது வரும்போது இன்னொருத்தி கனடாவில் குழந்தையைப் பனியில் நிறுத்தி எடுத்த போட்டோவைப் போனில் காட்டுவார். ஒரு காயில் கட்டி முடிக்கப் பொழுது போய்விடும்.

இதில் முதலில் உடைந்தது புவனேஸ்வரிதான். மத்தியானம் என் கடைக்கு வந்து, அந்தப் பெண்களின் சம்பளத்தையெல்லாம் படித்துப் படித்துத் தனக்கே நெஞ்சை என்னவோ செய்கிறது என்றார். ஸ்கூட்டியை மாற்ற வேண்டும் என்று எத்தனையோ வருஷமாக நினைக்கிறாராம். துளசி எதற்கும் கோபப்படவில்லை. வாரக் கடைசியில், வெளிச்சத்தை மறைக்கிறது, கொஞ்சம் தள்ளி உட்காருங்கள் அக்கா என்று மட்டும் சொன்னாள். 'சுரண்டியதில் உள்நூல் தென்படவில்லை. விண்ணப்பதாரர் வெளிச்சம் கேட்டார்' என்று அறிக்கை போனது.

அடுத்தது எடை. அசல் சரக்குக்கு எடை உண்டு, எனவே திருப்திக்கும் உண்டு. வேலைக்கு முன்னும் பின்னும் நிறுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்றார்கள். ஆனால் அலுவலகத்தில் இருந்தது சரிகை நூலை நிறுக்கிற குட்டித் தராசு. புதுத் தராசு வாங்க அனுமதி கேட்டு எழுதினார்கள். இருப்பதை வைத்துச் சமாளிக்கவும் என்று பதில் வந்தது. துளசியின் சுண்டு விரலை மட்டும் தட்டில் வைக்கச் சொல்லி நிறுத்தார்கள். சாயங்காலம் மறுபடி அதே சுண்டு விரல். விரலில் ஒட்டியிருந்த வார்னிஷ் காரணமாக எடை கொஞ்சம் கூடியிருந்தது. அந்தக் கூடுதலை உடம்பு முழுவதற்கும் பெருக்கியபோது துளசிக்கு ஒரு எருமைக் கன்றின் எடைக்குத் திருப்தி இருப்பதாக வந்தது. அந்தக் கணக்கில் தேறிவிட்டாள்.

மூன்றாவது, நெருப்புச் சோதனை. அசல் பட்டு நூலைக் கொளுத்தினால் முடி கருகுகிற வாசனை வரும். மனுஷர்களைக் கொளுத்த விதியில் இடமில்லாததால், அக்கினி நட்சத்திர வெயிலில் தகரக் கூரை போட்ட வராந்தாவில் உட்காரவைத்தார்கள். எதற்கு உட்கார்ந்திருக்கிறோம் என்று சொல்லப்படவில்லை. வாலாஜாபாத் யுவனும் அங்கே இருந்தான். பாங்கு வேலையை விட்டுவிட்டு வாத்து மேய்க்கிறவன். அவன் வராந்தாவில் இருந்த நாட்களில் வாத்துகள் யார் யாருடைய வயலிலோ இறங்கி, ஊரில் பெரிய ரகளை. அப்படியும் யுவன் சிரித்த முகமாகவே இருந்தான். தான் சந்தோஷமான ஆள் என்பதைக் காட்டவேண்டுமே என்று பயந்துபோய்ச் சிரித்தான், பாவம்.

துளசியால் அது முடியவில்லை. தலைக்கு மேல் ஒரு மின்விசிறி கரகரவென்று கத்திக்கொண்டே இருந்தது. ஒரு நாள் எழுந்து நின்று, "அந்த ஃபேன்ல பேரிங் போயிடுச்சு, காதுல கேக்குதா இல்லியா உங்களுக்கெல்லாம், ஒரு ஸ்பேனர் குடுங்கப்பா" என்று கூச்சல் போட்டாள். யாரும் கொடுக்காததால் பையிலிருந்து தன் ஸ்பேனரையே எடுத்துக்கொண்டு மேஜைமேல் ஏறிவிட்டாள். ராமராஜன் வெளியே வந்து, மேலே பார்த்து, மூக்கை உறிஞ்சினார்.

"எரிஞ்சிடுச்சு. எழுதிக்க புவனேஸ்வரி. இந்தப் பொண்ணு அசல்."

யுவனுக்கு இமிடேஷன் என்று முத்திரை விழுந்தது. எப்போதும் பளபளவென்று இருப்பது இமிடேஷன்தான், அசல் சரிகைக்கு ஒரு அடக்கம் உண்டு என்று ராமராஜன் விளக்கினார். யுவன் கடைசிவரை சிரித்துக்கொண்டே அதைக் கேட்டுவிட்டு வெளியே போய் அழுதான்.

சான்று வழங்கும் விழாவைக் கல்யாண மண்டபத்தில் வைத்தார்கள். மேளம், பன்னீர் எல்லாம் உண்டு. அசல் சரக்குக்கு ஒட்டுகிற ஹாலோகிராம் ஸ்டிக்கரைத் துளசிக்கு எங்கே ஒட்டுவது என்று மேடையிலேயே விவாதம் நடந்தது. முந்தானை இருக்கவேண்டிய இடம் என்று கடைசியில் இடது தோளில் ஒட்டினார்கள். முருகேசன் முன்வரிசையில் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அறை நிரந்தரமாகிவிட்டது, தீபாவளிக்கு இன்னும் நாள் இருக்கிறது, மகள் ஜெயித்துவிட்டாள். எனக்கும் உள்ளபடியே சந்தோஷமாக இருந்தது. அன்றைக்கு வந்தவர்களுக்கெல்லாம் ஜெராக்ஸ் இலவசம் என்று அறிவித்தேன்; யாரும் வரவில்லை.

மறுநாள் காலையில் துளசியின் கடைக்குக் கண்ணாடி போட ஆட்கள் வந்தார்கள்.

அசல் என்று ஆகிவிட்டால் அதற்குப் பராமரிப்பு விதிகள் இருக்கின்றன அல்லவா? வெயில் படக்கூடாது. எண்ணெய், கிரீஸ் படக்கூடாது. சுத்தமான வெள்ளைத் துணி விரித்து அதன்மேல்தான் இருக்க வேண்டும். மடிப்பு விழுந்துவிடாமல் மாதம் ஒரு முறை திருப்பி வைக்க வேண்டும். அதாவது இந்த மாதம் கிழக்கே பார்த்து உட்கார்ந்தால் அடுத்த மாதம் மேற்கே. மோட்டார், கம்பி, உளி எல்லாவற்றையும் மூட்டை கட்டிக் கிடங்கில் வைத்துப் பூட்டினார்கள். மற்ற மாவட்டங்களிலிருந்து அதிகாரிகள் திருப்தியைப் பார்க்க வருவார்கள், அப்போது லேசாகப் புன்னகைத்தால் போதும் என்றார்கள். உட்கார்ந்திருப்பதற்குப் படி உண்டு. கம்பெனியில் வாங்கிய சம்பளத்தைவிட அதிகம். துளசி குழம்பிப்போய், அப்படியானால் மோட்டார் வேலையை எங்கே செய்வது என்று கேட்டாள்.

ராமராஜன் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "அசல் பட்டு கட்டிக்கினு யாராவது மாவு அரைப்பாங்களாம்மா?"

காஞ்சிபுரத்தில் இந்தக் கேள்விக்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. நான்கூட நியாயம்தானே என்று ஒரு நிமிஷம் நினைத்தேன்.

இப்படியாகத் துளசி கண்ணாடிக்குள் உட்கார்ந்தாள். மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்த விவசாயிகள் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வேறு கடைக்குப் போனார்கள். அதிகாரிகள் வேனில் வந்து இறங்கி, இதுதான் அசலா என்று கேட்டு, குறிப்பெடுத்துக்கொண்டு, அப்படியே பட்டுக் கடைக்கும் கோயிலுக்கும் போய்விட்டு ஊர் திரும்பினார்கள். ஒருவர் மட்டும் வேறு கலரில் இருக்கிறதா என்று விசாரித்தார். சாயங்காலம் கதவைத் திறந்துவிட்டதும் துளசி என் கடைக்கு வந்து ஜெராக்ஸ் மிஷினின் மேல் காதை வைத்துக் கேட்பாள். உள்ளே ஒரு சின்ன மோட்டார் ஓடுகிறது, அதைக் கேட்கத்தான். ஒரு நாள் கேட்டுக்கொண்டே இருந்தவள் தலையை எடுக்கவில்லை. பார்த்தால் அழுகிறாள். நீலப் பொத்தானாவது மாறிக்கொண்டே இருந்தது, அண்ணா, என்றாள். பேப்பர் தீர்ந்துபோகும்வரை வெள்ளைத் தாளை ஓடவிட்டுக்கொண்டிருந்தேன்.

ஐப்பசி பிறக்கும்போது முருகேசன் வந்தார். டிவிஎஸ் வண்டியின் முன்பக்கத்தில் மோட்டாரைக் கட்டிக்கொண்டு, வேர்த்து விறுவிறுத்து. அவருடைய மோட்டார் மறுபடி கருகிவிட்டது. வேறு இடத்தில் கட்டி வாங்கியது ரெண்டு நாள்கூட ஓடவில்லை. கத்தரிச் செடி வாடுகிறது. கண்ணாடியைத் தட்டினார். அசல் சரக்கு, கை வைக்கக் கூடாது என்று காவலாள் தடுத்தார். முருகேசன் கட்சிக்காரர், தடுத்தால் நிற்கிறவரா? ஆனால் அன்றைக்கு நின்றார். கண்ணாடிக்குள்ளே மகளின் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.

"கம்பெனியில இருந்தப்பகூட உன் மூஞ்சி இப்படி இல்லியேம்மா" என்றார். "எறங்கி வா."

இறங்கி வருவது அவ்வளவு சுலபமாக இல்லை. அசல் சரக்கை வாரியம் வெளியே விடாது. கருவிகளையும் தராது. போலி என்று கண்டுபிடிக்கப்பட்டால் மட்டும் சரக்கை உரியவரிடமே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று சரிகைக் காலத்து விதி ஒன்று இருந்தது. அதைத் தேடிப் பிடித்தவர் புவனேஸ்வரி. ஏன் தேடினார் என்று எனக்குத் தெரியாது. ஸ்கூட்டி ஏக்கமாக இருக்கலாம். துளசி, அப்பா, நான் மூன்று பேரும் ராமராஜனிடம் போனோம்.

"சார், என்னைய இமிடேஷன்னு எழுதிக் குடுத்துடுங்க" என்றாள் துளசி.

ராமராஜன் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். முப்பது வருஷத்தில் இமிடேஷனை அசல் என்று சாதித்தவர்களைத்தான் பார்த்திருக்கிறார். இந்த ஊரில் எவராவது தானாக வந்து இமிடேஷன் என்று சொல்லிக்கொள்வார்களா என்று கேட்டார். மானம் போகுமே என்று முருகேசனைப் பார்த்தார். முருகேசன் கத்தரிச் செடியின் நினைவில் இருந்தார்.

"உங்க வீட்ல அக்கா தினமும் எத கட்றாங்க சார்?" என்று துளசி கேட்டாள்.

"அவ நைட்டிதான் போட்டுக்கினு இருப்பா."

"கடைக்குக் கிடைக்குப் போனா?"

"ஏதாவது இமிடேஷன் கட்டிக்கினு போவா. அசலு பீரோல இருக்குது. பொண்ணு கல்யாணத்துக்குக் கட்டினது, அப்புறம் எடுக்கவே இல்ல."

"அதான் சார். நான் தினமும் வெளிய போவணும்."

ராமராஜன் பேனாவை மறுபடி எடுத்தார். பிறகு விதிப்படி ஒரு முறை சுரண்டிப் பார்க்க வேண்டும் என்று துளசியின் கையைக் காட்டச் சொன்னார். நகத்தில் வார்னிஷ் கறை இல்லை. விரல் நுனியில் கம்பி அறுத்த தழும்பெல்லாம் மறைந்து, கண்ணாடி மாதிரி சுத்தமாக இருந்தது கை. "உள்ள ஒண்ணுமே இல்லியே" என்று முனகியபடி இமிடேஷன் முத்திரையைக் குத்தினார். தோளிலிருந்து ஹாலோகிராமைப் பிய்த்தபோது சுடிதார் கொஞ்சம் கிழிந்தது.

அறை போய்விட்டது. வெளியே வந்ததும் துளசி அப்பாவின் முகத்தைப் பார்க்காமல், சொன்ன வாக்குப்படி கம்பெனிக்கு எழுதிப் போடுகிறேன் என்றாள். முருகேசன் மோட்டாரின் கயிற்றை இறுக்கிக்கொண்டே பேசினார்.

"ரூம் போனா கம்பெனின்னு சொன்னேன், வாஸ்தவம். நம்ம மோட்டார் கொட்டாய பத்தி நான் ஒண்ணும் சொல்லல. ஏறி உக்காரும்மா."

இப்போது தென்னேரி ஏரிக்கரைப் பக்கம் போனால் அந்தக் கொட்டகையைப் பார்க்கலாம். வாசலில் 'இமிடேஷன்' என்று முத்திரை குத்திய சான்றிதழை மாட்டியிருக்கிறாள். லேமினேஷன் நான் செய்து கொடுத்தது. ஜனங்கள் அதைப் படித்துவிட்டுத் தைரியமாக உள்ளே வருகிறார்கள். தினப்படி உபயோகத்துக்கு எது தாங்கும் என்று எங்கள் பக்கத்தில் யாருக்குத் தெரியாது? வரிசையில் மோட்டார்கள் காத்திருக்கின்றன. யுவனும் தன் முத்திரையை லேமினேஷன் செய்துகொண்டு மறுபடி வாத்துகளோடு போய்விட்டான்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே இருந்தேன். ஒரு ஆட்டோ வந்து நின்றது. உள்ளே கருகிய தண்ணி மோட்டாரை மடியில் வைத்தபடி ராமராஜன். வாரியத்தில் தண்ணீர் இல்லாமல் ஊழியர்கள் பக்கத்து ஓட்டலுக்கு ஓடிக்கொண்டிருக்கிறார்களாம். வேறு யாரும் உடனே கட்டித் தர மாட்டேன் என்கிறார்கள். துளசி மோட்டாரைப் பிரித்துப் போட்டுவிட்டு, ஒத்தாசைக்கு ஆளில்லை, கம்பியைக் கொஞ்சம் இழுத்துப் பிடிக்க முடியுமா என்று கேட்டாள். துணி வைத்துப் பிடியுங்கள் என்றும் சொன்னாள். அவர் துணியை எடுக்கவில்லை. கவிழ்த்துப் போட்ட பக்கெட்டின் மேல் உட்கார்ந்து, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே கம்பியை ஓடவிட்டு, உரக்க எண்ண ஆரம்பித்தார்.

எழுபதுக்குப் பக்கத்தில் ஏரியிலிருந்து ஒரு நாரை எழுந்து போனதைப் பார்த்தார். எண்ணிக்கை போய்விட்டது. "பிரிம்மா, பிரி, மறுபடியும் மொதல்லருந்து" என்று அவரே அவசரப்படுத்தினார். இரண்டாம் தடவை ஒரே மூச்சில் எண்ணி முடித்தார். அடுத்தடுத்த காயில்களுக்கும் கம்பியை அவர்தான் பிடித்தார். வார்னிஷ் காய்கிறவரை அங்கேயே சுற்றிச் சுற்றி வந்தார். கரண்ட் கொடுத்ததும் மோட்டார் ஊம் என்று எழுந்தது. ராமராஜன் சிரித்தார். அவருக்கு முன்வரிசையில் ஒரு பல் இல்லை என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

சிரித்துக்கொண்டே விரல் எரிகிறதே என்று கையைத் திருப்பிப் பார்த்தார். கம்பி ஓடி ஓடித் தோலைச் சுரண்டிவிட்டிருந்தது. அந்த இடத்தில், உள்ளே, நூல் மாதிரி சிவப்பாக ஒரு கோடு.

முந்தானை முந்தானையாகப் பார்த்துத் தேய்ந்த கண். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், கண்ணருகே கொண்டுவந்து பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. சட்டென்று கையைப் பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு, கொட்டகை வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"வீரபத்திரா, நீ இத பாக்கல. புவனேஸ்வரிகிட்ட சொல்லிடாதப்பா" என்றார். "என் வேல போயிடும்."